புத்தளத்து இராசாளி

புத்தளம் என்ற பெயரைக் கேட்டதும் உப்பு நினைவுக்கு வரும். தென்னஞ்சோலைகள் நினைவுக்கு வரும். கற்பிட்டிப் பாதையில் அலைந்து திரியும் கழுதைகளும் நினைவுக்கு வரும். உப்புத்தளம் என்பதே புத்தளம் ஆயிற்று என்று சொல்வாரும் உளர். அலையடங்கிய களப்பும், அதற்கப்பால் நீண்டு கிடக்கும் மணற்றிடல்களும், கற்பிட்டியில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டையும், தெற்கே உடப்பில் திரௌபதை அம்மன் சந்நிதியில் நிகழும் தீமிதிப்பும் இக்கரையின் பழைய அடையாளங்கள். 1344 ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா இக்கரையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராய்த் தங்கிப் பின்னர் பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டார். அவருக்கு முன்னும் பின்னும் கடல்வழியே வந்தோரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். வான்வழியே வந்தோரைப் பற்றிய பேச்சு மட்டும் குறைவு.

அவர்கள் இரண்டாம் உலகப் போரின் நடுவில் வந்தனர். நகருக்குத் தெற்கே, கற்பிட்டிக்குப் பாதை பிரிகின்ற பாலாவியில், காட்டை வெட்டி ஓடுபாதை அமைத்தனர். அங்கே இறங்கியும் எழுந்தும் பழகிய விமானங்களிற் சில, அவற்றைச் செய்தவர்களாலேயே முழுதும் அறியப்படாதவை. அவற்றில் ஏறியவர்களோ பெரும்பாலும் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். எதிரியின் குண்டால் மாண்டவர்களுக்கு நிகராக, தாம் ஏறிய பொறியின் குற்றத்தாலும் அதனை அறியாமையாலும் மாண்டவர்கள் அந்தத் தலைமுறை விமானிகளிடையே உண்டு. போர்க்கால இரகசியம் அவர்களின் சாவுக்கு மேலும் ஒரு திரையை இட்டது.

இலங்கையின் மேற்குக் கரையிற் கடற்படைக்கு ஒரு விமானத்தளம் ஏன் வேண்டியிருந்தது என்பதை அறிய 1942 ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அவ்வாண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. வங்காள விரிகுடாவின் வாயிற்கதவு திறந்துவிட்டது. ஏப்பிரல் 4 ஆம் நாள் மாலை, கொக்கலைக் களப்பிலிருந்து சென்ற கற்றலீனா என்னும் நீர்விமானம் ஒன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே பெருங்கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் கனடா நாட்டவரான லியோனாட் பேர்ச்சல். கண்ட செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையிலே கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. முதல் நாளே செய்தி கிடைத்திருந்தும், கொழும்பிலே ராடார் நிலையம் ஒன்று இருந்தும், பகை விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோது இரத்மலானையிலிருந்த போர் விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. அன்றே கோர்ன்வால், டோர்செற்சயர் என்னும் இரு போர்க்கப்பல்கள் தெற்கே கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்பிரல் 9 ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேமிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் ஆழ்ந்தது. விமானங்களைத் தாங்குவதற்கென்றே கட்டப்பட்ட அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை; அதன் விமானங்கள் கரையில் நின்றன.

பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையின் தலைவர் சேர் ஜேம்ஸ் சோமர்வில், பகலில் எதிர்த்து நிற்க வலியில்லாதவராய், இரவிலே தேடித் தாக்கலாம் என்று எண்ணினார். அவரிடமிருந்த அல்பக்கோர் என்னும் பழைய இருதட்டு விமானங்களிலே கடற்பரப்பைத் துழாவும் ராடார் பொருத்தப்பட்டிருந்தது. அவை இருளிலே தேடின. பகைக் கப்பல்கள் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் யார் அழிந்திருப்பார் என்பது வேறு கேள்வி. சோமர்வில் கப்பற்படையைக் கீழை ஆபிரிக்காவின் கிலிந்தினித் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றார்.

ஆக, இலங்கைக் கடலில் அந்த ஒரு கிழமையிலே இரண்டு குறைகள் வெளிப்பட்டன. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்து யப்பானியரின் சீரோ விமானத்தை எதிர்க்கத்தக்க வலிய போர் விமானம் இல்லை. இருளையும் முகிலையும் ஊடுருவித் தெளிவாய்க் காணத்தக்க வானத்துக் கண்ணும் இல்லை. இவ்விரண்டையும் தேடிய முயற்சியே பின்னர் புத்தளத்து வானத்தையும் தொட்டது. இரண்டுக்கும் உயிர்கள் விலையாயின. வானத்துக் கண்ணுக்கான விலை முதலில் இங்கிலாந்திலே கொடுக்கப்பட்டது.

ஹேமிஸ் மூழ்கி இரண்டு மாதம் நிறையுமுன், 1942 யூன் 7 ஆம் நாள், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெபோட் என்னும் விமானத்தளத்திலிருந்து ஹலிபக்ஸ் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று எழுந்தது. அதனுள் குண்டுகள் இல்லை. வயிற்றின் அடியிலே ஒரு குமிழ். குமிழுக்குள் சுழலும் உணர்கருவி. கீழே உள்ள நிலத்தின் உருவத்தை, ஊர் வேறு ஆறு வேறு கடல் வேறு என்று இருளிலும் காட்டவல்ல புதிய ராடாரை அது தாங்கியிருந்தது. அதற்கு உயிர்நிலையாய் இருந்தது மாக்னெற்றோன் என்னும் கருவி. 1940 இல் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் உருவாக்கிய அக்கருவி, பத்துச் சதமமீற்றர் நீளமுள்ள குறுகிய அலைகளைப் பெருவலியுடன் எழுப்பியது. பழைய ராடாரின் அலை மீற்றர் கணக்கில் நீண்டது. அது காட்டும் உருவமும் மங்கலானது. அலை குறுகக் குறுகப் பார்வை கூர்மையாகும். அந்நாளில் இங்கிலாந்து மறைத்து வைத்த இரகசியங்களில் இதனினும் பெரியவை சிலவே.

விமானத்தில் பதினொருவர் இருந்தனர். படைவீரரோடு ஆய்வாளரும் பொறியியலாளரும் அதில் ஏறியிருந்தனர். அவர்களுள் ஒருவர் அலன் புளூம்லைன். அவருக்கு வயது 38. 128 கண்டுபிடிப்புகளுக்கு உரிமைப் பத்திரம் பெற்றவர். இன்று இரு செவிகளுக்கும் வேறு வேறாக ஒலி வழங்கி இசைக் கருவிகள் எழுப்பும் ஒலிப்பரப்பின் அடிப்படையை 1931 ஆம் ஆண்டிலேயே வகுத்தவர் அவர். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து பாட்டுக் கேட்கும் எவரும் அவருக்குக் கொஞ்சம் கடன்பட்டவரே.

பறந்துகொண்டிருக்கையில் வலப்புறத்து வெளி எஞ்சினில் தீப்பற்றியது. தீயை அணைக்க முடியவில்லை. எரிந்த இறக்கை அற்றுப்போக, விமானம் தலைகீழாய்ப் புரண்டு, ஹியர்போட்சயரில் வை ஆற்றங்கரையிலுள்ள வெல்ஷ் பிக்னர் என்னும் சிற்றூருக்கு அருகே விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. செய்தி கேட்டு விரைந்தவர்களில் அதே ஆய்வுக்குழுவின் பேர்னாட் லவல் ஒருவர். பின்னாளில் ஜொட்றல் பாங்கின் மாபெரும் வானொலித் தொலைநோக்கியால் உலகப் புகழ் பெற்றவர் அவரே. அன்று அவர் சாம்பலுக்குள் தேட வேண்டியிருந்தது மாக்னெற்றோனை. நண்பர்களின் உடல் கிடந்த இடத்தில் ஒரு செப்புத் துண்டைத் தேடுவது எத்தகைய கடமை என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அது பிறர் கையிற் சிக்கக்கூடாத பொருள்.

எஞ்சின் பிரித்து ஆராயப்பட்டது. காரணம் மிகச் சிறியது. வால்வு ஒன்றை இயக்கும் பகுதியில் இறுக்கப்பட வேண்டிய நட்டு ஒன்று பராமரிப்பின்போது சரியாக இறுக்கப்படவில்லை. அது தளர்ந்தது, வால்வு முறிந்தது, எரியும் பெற்றோல் ஆவி வெளியே பாய்ந்தது. விரல் நுனியளவு இரும்பு, பதினொருவர் உயிரையும் ஒரு நாட்டின் பெருந்திட்டத்தையும் ஆட்டிவிட்டது. அறிக்கை இரகசியமாய் வைக்கப்பட்டது. புளூம்லைன் போன்ற ஒருவரின் மறைவை அந்நாள் பத்திரிகைகள் விரித்துரைக்கவில்லை. என்ன செய்துகொண்டிருந்தபோது இறந்தார் என்று உலகுக்குச் சொல்ல முடியாத நிலை. ஆனால் வேலை நிற்கவில்லை. 1943 சனவரி 30 ஆம் நாள் இரவு ஹம்பேர்க் நகரின்மீது அக்கருவி முதன்முறையாகப் போரிற் பயன்பட்டது. அதன் உடன்பிறப்பான கடல்தேடும் ராடார் அவ்வாண்டின் இளவேனிலிலே அத்திலாந்திக்கில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியது.

இனிப் புத்தளத்துக்குத் திரும்பலாம். 1943 இல் பாலாவித் தளம் அரச கடற்படையின் பெயரிற் பதிவாயிற்று. கடற்படையாருக்கு ஒரு வழக்கம் உண்டு: கரையிலுள்ள தளத்தையும் கப்பல் என்றே கொண்டு அதற்குக் கப்பற்பெயர் சூட்டுவர். விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது மரபு. அதனால் பாலாவிக்கு 'இராஜாலியா' என்று பெயரிட்டனர். கழுகினத்துப் பெரும்பறவைக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர் அது. தமிழிலே இராசாளி என்பதும் அதற்கு உறவான சொல்லே. களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தைத் தளம் 'உகுஸ்ஸா' ஆயிற்று. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலே அமைந்த தளம் 'பேருண்டா'. பாக்குநீரிணைக்கு அப்பாலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. கோயம்புத்தூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெருநிலையம் 'கருடா'. சூலூர்த் தளம் 'வைரி'. தாம்பரத்துத் தளம் 'வல்லூறு'. தமிழ்ப் பறவைகளின் பெயரை ஆங்கில மாலுமிகள் எப்படி உச்சரித்தார்களோ, அது வேறு கதை.

பாலாவித் தளம் வசதியான இடமன்று. காடும் களப்பும் சூழ்ந்த மணற்பாங்கான நிலம். நுளம்பும் வெக்கையும் நிறைந்தது. ஓடுபாதைமீது துளையிட்ட உருக்குத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்துப் பரப்பியிருந்தனர். வெயிலில் அவை தகித்தன; மழை பெய்தாற் சக்கரம் வழுக்கும். பாதையை விட்டு விலகிய விமானம் சேற்றிற் புதைந்துவிடும். அப்போது இழுவை இயந்திரமும் உடன் புதையும். ஆதலால் யானைகளைக் கொண்டு வந்தனர். காட்டுமரம் இழுத்துப் பழகிய யானைகள், பாகனின் சொல்லுக்கு அடங்கி, இரண்டாயிரம் குதிரைவலு எஞ்சின் பூட்டிய அமெரிக்கப் போர் விமானத்தைச் சங்கிலியிற் கட்டி இழுத்துச் சென்ற காட்சியை 1944 இல் எடுத்த புகைப்படங்களில் இன்றும் காணலாம். போரின் படங்களுள் சிரிப்பை எழுப்புபவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. ஆனால் யானை இழுக்க வேண்டிய நிலைக்கு அந்த விமானம் எப்படி வந்தது என்று அப்படங்கள் சொல்வதில்லை.

அவ்விமானத்தின் பெயர் கோர்சேர். கடற்கொள்ளைக்காரன் என்று பொருள். அமெரிக்காவின் வோட் கம்பனி செய்தது. பதினெட்டு உருளைகள் கொண்ட எஞ்சின். பதின்மூன்று அடிக்கு மேற்பட்ட விட்டமுள்ள சுழல்விசிறி. அத்துணைப் பெரிய விசிறி தரையிற் படாதிருக்க வேண்டுமே என்று இறக்கைகளை முதலிற் கீழ்நோக்கி வளைத்து, பின் மேல்நோக்கி நிமிர்த்தினர். கடற்காகம் இறக்கையைத் தலைகீழாய் விரித்தாற் போன்ற தோற்றம். வேகத்தில் சீரோவை வென்றது. ஆனால் ஒரு பெருங்குறை. எஞ்சினுக்கும் விமானிக்கும் இடையே பெற்றோற் தாங்கியை வைத்ததால் விமானியின் இருக்கை வெகுதூரம் பின்னே தள்ளப்பட்டது. மூக்கு நீண்டுவிட்டது. இறங்கும்போது விமானி எதைப் பார்க்க வேண்டுமோ, அதை அந்த மூக்கு மறைத்தது.

நிலத்தில் நீண்ட பாதையிருந்தால் இக்குறையைச் சமாளிக்கலாம். கப்பலின் மேற்றளம் அப்படியன்று. அது சிறியது, அசைவது, ஓடுவது. குறுக்கே கட்டிய கம்பிவடங்களில் ஒன்றை விமானத்தின் வாற்கொக்கி பற்ற வேண்டும். பற்றாவிட்டால் முன்னே தடுப்பு, அதற்கப்பால் கடல். இரு கைகளிலும் தட்டேந்தி நின்று சைகை காட்டும் அதிகாரியைக் கடைசிக் கணம்வரை விமானி கண்ணால் விடக்கூடாது. கோர்சேரோ அவரையும் மறைத்தது. போதாக்குறைக்கு, வேகம் தணியும்போது இடது இறக்கை முன்னறிவிப்பின்றிச் சரியும். சக்கரம் தளத்திற் பட்டதும் துள்ளும். 1942 செப்டெம்பரில் அமெரிக்கக் கடற்படை சங்கமன் என்னும் கப்பலிற் சோதித்துப் பார்த்து, இது கப்பலுக்கு ஏற்றதன்று என்ற ஐயத்தில், பெரும்பாலும் தரைத்தளங்களிலிருந்து பறக்கும் படையணிகளிடம் அதனைக் கொடுத்தது. இளம் அதிகாரிகளைக் கொல்லும் விமானம் என்ற பட்டப்பெயரும் அதற்கு வழங்கியது.

பிரித்தானியருக்கு அப்படித் தள்ளிவைக்க வசதியில்லை. அவர்களிடம் வேறு நல்ல விமானம் குறைவு. ஆகவே கோர்சேரைக் கப்பலுக்கே பழக்குவது என்று முடிவு செய்தனர். இறக்கையின் இரு நுனிகளிலும் எட்டெட்டு அங்குலம் வெட்டினர். பிரித்தானியக் கப்பல்களின் விமானக் கொட்டகை கூரை தாழ்ந்தது. மடித்த இறக்கை அதற்குள் அடங்க வேண்டும். நேரே வந்து இறங்கும் முறையை விட்டனர். இடப்பக்கமாக வளைந்து வந்து, வளைவின் முடிவிலே, கடைசி நொடியில் நேராக்கி, உடனே தளத்தில் அமர்த்தும் முறையைக் கைக்கொண்டனர். வளைந்து வரும்வரை இறக்கையின் மேலாகக் கப்பல் கண்ணிற் படும். எழுதிக் காட்டுவதற்கு எளிதான வித்தை. செய்து பழகுவதற்கு அன்று. சோதனைக்கூடத்திலே செய்ய வேண்டிய ஆராய்ச்சியைப் போர்க்காலத்தில் படையணிகளே செய்தன. ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பிரன்சுவிக்கில் பயிற்சி பெற்ற காலத்திலேயே பலர் மாண்டனர். எஞ்சியோர் கப்பலேறி இலங்கைக்கு வந்தனர்.

1944 சனவரி இறுதியில் இலஸ்ற்றியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலையை அடைந்தது. 1830, 1833 என்ற எண்களையுடைய இரு கோர்சேர் படையணிகளும் 810, 847 என்னும் இரு பரக்கூடாப் படையணிகளும் அதில் இருந்தன. கப்பல் துறையிலே தங்கும் நாள்களில் விமானங்கள் கரைத்தளங்களிற் பழகுவது முறை. கிழக்கே திருகோணமலையின் சீனக்குடா, தெற்கே கட்டுக்குருந்தை, மேற்கே புத்தளம் ஆகிய தளங்கள் இதற்கே இருந்தன. நிலத்து ஓடுபாதையையே கப்பலின் தளமெனக் கொண்டு வளைந்து வளைந்து இறங்கிப் பழகுவர். தலைக்கு மேல் தாழ்ந்து உறுமும் அந்த வளைந்த இறக்கையைக் களப்பிலே வலை வீசியோர் எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருப்பர்! எதற்காக இந்த ஓயாத ஒத்திகை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. விமானிகளுக்கும் சொல்லவில்லை.

அந்தக் கோர்சேர்ப் படைகளை வழிநடத்தியவர் கடற்படை விமானிகளிற் புகழ் மிக்கவராகிய றிச்சட் ஜோன் கோர்க். 1940 இல் பிரித்தானிய வான்போரிலே டக்ளஸ் பாடர் தலைமையில் 242 ஆம் படையணியிற் பொருதவர். அப்போது விமானப்படை அவருக்கு வழங்கிய பதக்கத்தை, அவர் கடற்படையாளர் ஆதலால் கடற்படைப் பதக்கமாக மாற்றியே அணிய வேண்டும் என்று கடற்படைத் தலைமையகம் வற்புறுத்தியது. போர் நடுவிலும் அலுவலகத்துக்கு இத்தகைய கவலைக்கு நேரம் இருந்தது. 1942 ஓகஸ்டில் மோல்ற்றா தீவுக்கு உணவும் எண்ணெயும் கொண்டு சென்ற கப்பற்கூட்டத்தைக் காத்த போரில், இன்டொமிற்றபிள் கப்பலிலிருந்து எழுந்து, ஒரே நாளிற் பல பகை விமானங்களை வீழ்த்தினார். தம் படையணித் தலைவர் மாண்டதும் தலைமையைத் தாமே ஏற்றார்.

1944 ஏப்பிரல் 14 ஆம் நாள். தமிழரும் சிங்களவரும் சித்திரைப் புத்தாண்டைக் கொண்டாடும் காலம். இருள் பிரியாத வேளையில், சீனக்குடா ஓடுபாதையிலே, கோர்க் செலுத்திய கோர்சேர் மற்றொரு கோர்சேருடன் மோதியது. இரு விமானிகளும் மாண்டனர். பத்து நாள் முன்னர்தான் கோர்க் 27 வயதை நிறைத்திருந்தார். செருமானியரும் இத்தாலியரும் வீழ்த்த முடியாத ஒருவர், எதிரியின் நிழலும் படாத இடத்தில், ஒத்திகைக் காலத்தில் இறந்தார். முன்னே பார்க்க முடியாத மூக்குடைய விமானமும், விடியா இருளும், ஒரே ஓடுபாதையும் சேர்ந்தால் நேரக்கூடியதே இது. ஆனால் கோர்க்குக்கே நேர்ந்தது என்பது படையணிகளை உலுக்கியது.

துக்கம் காக்க நாள் இருக்கவில்லை. இரண்டே நாளில், ஏப்பிரல் 16 ஆம் நாள், கப்பற்படை திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. மூன்று மாத ஒத்திகையின் நோக்கம் அப்போதுதான் வெளிப்பட்டது. சுமத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்குவதே அது. நியூகினியாவின் ஹொலாந்தியாவில் அமெரிக்கர் இறங்கவிருந்தனர். அந்நேரத்தில் யப்பானியரின் கவனத்தை மேற்கே இழுக்க வேண்டும். இலஸ்ற்றியசுடன் அமெரிக்காவின் சரட்டோகாவும் சேர்ந்தது. பிரான்சு, ஒல்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாட்டுக் கப்பல்களும் உடன் சென்றன. ஏப்பிரல் 19 ஆம் நாள் விடியலில் 46 குண்டுவீச்சு விமானங்களும் 37 போர் விமானங்களும் எழுந்தன. யப்பானியர் எதிர்பாராத தாக்குதல் அது. எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. தரையில் நின்ற விமானங்கள் அழிந்தன. நேசநாட்டார் இழந்தது ஒரேயொரு அமெரிக்க விமானம். அதன் விமானியையும் பிரித்தானிய நீர்மூழ்கி ஒன்று கரையிலிருந்து சுடும் பீரங்கிகளுக்கு நடுவே சென்று மீட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கடலிலிருந்து ஓடிய சோமர்வில்லே இப்போது படையை நடத்தினார்.

தாக்குதலில் மாண்டோர் இல்லை. ஒத்திகையில் மாண்டோர் உண்டு. இந்தக் கணக்கு அந்நாளைய அறிக்கைகளில் ஒரே பக்கத்தில் எழுதப்படவில்லை.

கோர்சேரின் குற்றம் கண்ணுக்குத் தெரிந்த குற்றம். பரக்கூடாவின் குற்றம் அப்படியன்று. அதற்குப் பெயர் தந்தது நம் மீனவர் சீலா என்று சொல்லும் மீன். மூவர் அமரும் குண்டுவீச்சு விமானம். கடற்படைக்கென இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அழகற்றது. இறக்கை தோளுக்கு மேலே, வாற்சிறகு உச்சியிலே, சக்கரக் கால்கள் வளைந்து மடிந்தன, இறக்கை மீது ராடாரின் உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டு நின்றன. பின்னர் வந்த மூன்றாம் வகையிலே கொம்புகள் மறைந்து, உடலின் அடியில் ஒரு குமிழ் தோன்றியது. குமிழுக்குள் இருந்தது சதமமீற்றர் அலை ராடார்; புளூம்லைனும் தோழரும் எந்த அலைக்காக உயிர் கொடுத்தார்களோ, அந்த அலை. வெப்ப நாட்டுக் காற்றிலே பரக்கூடாவுக்கு எஞ்சின் வலு குன்றியது. பறக்கும் தூரம் பெரிதும் சுருங்கியது. 1944 மே மாதத்தில் யாவாவின் சுரபாயாவைத் தாக்கச் சென்றபோது அவ்வளவு தூரம் செல்ல மாட்டாது என்று அதனை விட்டு அமெரிக்க அவெஞ்சர் விமானங்களை ஏற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.

இவை விமானிகள் அறிந்த குறைகள். அறியாத ஒன்றும் இருந்தது. அனுபவம் மிக்க விமானிகள் ஓட்டிய பரக்கூடாக்கள் தெளிந்த வானத்தில், யாதொரு எச்சரிக்கையுமின்றி, மூக்குக் குத்திக் கீழே பாய்ந்து நொறுங்கின. வானொலியில் உதவிக்குரல் எழவில்லை. ஒருவரும் வெளியே குதிக்கவில்லை. பாய்ந்து இறங்கும் வித்தையில் விமானி பிழை செய்துவிட்டார் என்று எண்ணினார்கள். பொறி முறிந்தது என்று எண்ணினார்கள். இறந்தவர் வாய் திறந்து மறுக்க முடியாது. விமானியின் பிழை என்ற முடிவு எப்போதும் எளிதானது: கோப்பை மூடிவிடலாம்.

உண்மை 1945 இல்தான் வெளிப்பட்டது. பரக்கூடாவின் சக்கரத்தையும் இறக்கைத் தகடுகளையும் இயக்குவது குழாய்களில் அழுத்தத்துடன் ஓடும் திரவம். அத்திரவத்தில் ஈதர் கலந்திருந்தது. மருத்துவமனையில் நோயாளியை மயக்குவதற்குப் பயன்பட்ட அதே ஈதர். திரவத்தின் அழுத்தத்தைக் காட்டும் மானி விமானியின் முகத்துக்கு நேரே இருந்தது. குழாய் அந்த மானியோடு சேரும் இடத்தில் மயிரிழையளவு வெடிப்பு ஏற்பட்டாற் போதும். மெல்லிய தூவலாய் ஈதர் முகத்தில் அடிக்கும். தாழ்ந்து பறக்கும்போது எவரும் ஒட்சிசன் முகமூடி அணிவதில்லை. பல விமானங்களில் அது பொருத்தப்படவே இல்லை. விமானி சில மூச்சுக்குள் மயங்குவார். பின்னாலிருந்த இருவருக்கும் என்ன நேர்கிறது என்று விளங்குமுன் கடல் வந்துவிடும்.

1945 மே இறுதியில் கடற்படைத் தலைமையகம் கட்டளை விடுத்தது: பரக்கூடாக்கள் அனைத்திலும் விரைவில் ஒட்சிசன் பொருத்துக, விமானிகள் எந்நேரமும் அதனைப் பயன்படுத்துக. ஐரோப்பாவில் அதற்குள் போர் முடிந்துவிட்டது. யப்பான் பணிய இன்னும் மூன்று மாதமே இருந்தது. வெல்ஷ் பிக்னரில் நட்டு ஒன்று தளர்ந்தது சில நாளிலேயே கண்டறியப்பட்டது. ஏனெனில் இறந்தவர்களுக்குப் பின்னே ஒரு நாட்டின் தலையாய இரகசியம் இருந்தது. பரக்கூடாவில் விழுந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சாவு. பல கடல்களில், பல தளங்களில் சிதறிய சாவு. அவற்றை ஒன்று சேர்த்துப் பார்க்கும் கண்தான் கடைசியாகக் கிடைத்தது.

போர் முடிந்தது. 1945 இல் இராஜாலியா மூடப்பட்டது. கோர்சேர்கள் அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை; திருப்பித் தர வேண்டும், இல்லையேல் விலை கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று முடிவானது. அத்தனை உயிர் கொடுத்துப் பழக்கிய விமானங்களிற் பலவற்றைக் கப்பலின் தளத்திலிருந்து கடலுக்குள் தள்ளினர்.

பாலாவியில் இப்போது இலங்கை விமானப்படையின் நிலையம் இருக்கிறது. றிச்சட் கோர்க் திருகோணமலைப் போர் மயானத்தில், நிலாவெளிப் பாதையருகே உறங்குகிறார். ஹலிபக்சின் பதினொருவர் நினைவாக 1992 இல் வை ஆற்றங்கரைக் குட்றிச் கோட்டையின் சிற்றாலயத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைந்தது. அவர்கள் இறந்து அப்போது ஐம்பது ஆண்டு. கடலில் விழுந்து உடல் கிடையாத கடற்படை விமானிகளின் பெயர்கள் இங்கிலாந்தின் தென்கரையில் லீ-ஒன்-சொலன்றிலே, கடலைப் பார்த்து நிற்கும் கற்சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரும் பதவியும் உண்டு. எக்கடலில் விழுந்தார் என்றோ, என்ன காரணத்தால் விழுந்தார் என்றோ அக்கல்லில் எழுதப்படவில்லை.